சுங்கம் கேளாத நிழல்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, அழைப்பிதழில் பெயர் விடுபட்டும் மனம் கோணாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே, சந்தைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் சிசெஸ்டர் நகரிலுள்ள சந்தைச் சிலுவையின் வரலாறு, கட்டடக்கலை, கடிகாரம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். அவ்வூரில் அது மழையில் தெரியும். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு வீதிகளும் கூடும் நாற்சந்தியில், ஆயர் எட்வர்ட் ஸ்டோரி 10 பவுண்டுக்கு நகராட்சியிடமிருந்து இடம் வாங்கி, 1501-இல் இந்த மண்டபத்தைக் கட்டுவித்தார். சந்தை கூடும் இடத்தில் சிலுவை நடும் பழைய வழக்கத்தால் சிலுவை என்ற பெயர் ஏற்பட்டதே தவிர, இது எட்டுப் பட்டை மண்டபம். எட்டு முகத்திலும் திறந்த வளைவுகள். நடுவே ஒற்றைத் தூண். மேலே எட்டு மூலைகளிலிருந்தும் வளைந்தெழும் கல் விலாக்கள் குடைக்கம்பிகளைப் போல உச்சி மாடத்தில் ஒன்றுகூடுகின்றன. முதலாம் சார்லஸ் மன்னரின் மார்பளவு உருவமும் அதில் இருக்கிறது. ஏழை வணிகரின் மண்டபத்தில் அவருக்கு என்ன வேலையோ!

ஆம், ஏழைகள் சுங்கம் கட்டாமல் சரக்கு விற்பதற்காகவே ஆயர் இதைக் கட்டினார்.

மகனைப் பார்க்கச் சென்றபோது, நம் வாரச் சந்தையில் நாற்பது ஆண்டுகள் கீரை விற்ற என் அத்தையையும் அங்கே அழைத்துப் போயிருந்தேன். திடீரென மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் நடுத்தூணைச் சுற்றியுள்ள கல் திண்ணையில் உட்கார்ந்தோம். சேலைத் தலைப்பைப் பிழிந்தபடியே வளைவுகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். “எட்டு வாசல் இருக்கே, சுங்கக்காரன் எது வழியா வருவான்?” என்று கேட்டார். எதன் வழியாகவும் வரமாட்டான் அத்தை, அதற்குத்தான் கட்டினார்கள் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்துத் திண்ணையில் வைத்து, “அப்ப இது என் இடம்” என்றார்.

1808-இல் கட்டடக்கலைஞர் ஜான் நாஷ் வடக்கு வீதியில் வடிவமைத்த சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டதும் வியாபாரம் அங்கே பெயர்ந்தது. நம் சந்தையில் கூரையும் இல்லை. சீட்டுக் கிழிப்பவர் மட்டும் விடியும் முன்பே வந்துவிடுகிறார். நிழலின் அருமை வெயிலில் தெரியும், ஐயா! குத்தகைக்கு விடுவோர் ஒருநாள் கூடைக்காரியின் பக்கத்தில் நண்பகல் வரை உட்கார்ந்து பார்க்கட்டும்.

1724-இல் எலிசபெத் ஃபேரிங்டன் அம்மையார் வழங்கிய கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் தலைவர் மணியை அடித்துவிட்டார். தரைக்கடைகளுக்குச் சுங்கமில்லாத கூரை கேட்கும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கைநாட்டு வைப்போருக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம்.