மூன்றாவது முட்டை எங்கே? எங்கள் சபை ஈஸ்டர் 2026

வணக்கம் மக்களே, ஸ்தோத்திரம். குரல் கட்டியிருக்கிறது, தெரியும். விடியற்காலை நாலரை மணிக்குப் பாடகர் குழுவில் நின்று உச்சஸ்தாயியில் கத்தினால் இப்படித்தான் ஆகும். பின்னால் ஃப்ரிட்ஜ் கதவில் நீலமாக ஒரு கறை தெரிகிறதே, அதைப் பற்றி அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். அங்கேதான் வரப்போகிறேன்.

கல்கல் வீடியோ பார்த்தவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். கிறிஸ்மஸுக்கு ஐந்து கிலோ கல்கல் பலகாரம் நானே போடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டு, மூன்று நாள் விரல் வீங்கித் திரிந்தேன் அல்லவா? அதே வாய்தான். ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக்காலம், அதான் லெந்து, ஆரம்பித்த வாரம் ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) ஆசிரியர் கூட்டம் நடந்தது. ஈஸ்டர் அன்று பிள்ளைகளுக்கு முட்டை தேடும் விளையாட்டு வேண்டும், பிளாஸ்டிக் முட்டை வாங்கி உள்ளே சாக்லேட் வைக்கலாம் என்றார்கள். எனக்கு அந்தப் பிளாஸ்டிக் முட்டையைக் கண்டாலே ஆகாது. திறந்தால் டப் என்று ஒரு சத்தம், அப்புறம் குப்பைத் தொட்டி. அதுவும் ஏப்ரல் மாதச் சென்னையில் சாக்லேட்டைச் செடிக்கடியில் ஒளித்து வைப்பதா? பிள்ளை கண்டுபிடிக்கும்போது அது குழம்பாக இருக்கும். நிஜ முட்டையே வைப்போம், நானே வேகவைத்துச் சாயம் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன். எல்லோரும் உடனே கைதட்டிவிட்டார்கள். அந்தக் கைதட்டலில்தான் எனக்கு முதல் சந்தேகம்.

வீட்டில் வந்து சொன்னால் அம்மா முகமே மாறிவிட்டது. எங்கள் வீட்டில் லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பிப்ரவரி 18-இலிருந்து ஏப்ரல் 4 வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே, நாற்பது நாள் என்கிறார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். நடுவில் வரும் ஆறு ஞாயிறையும் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் அம்மா ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிடமாட்டார். "பெரிய சனிக்கிழமை அன்றைக்கு என் அடுப்பில் முட்டை வேகுமா?" என்றார். நான் என்ன சும்மாவா இருந்தேன்? ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் லெந்து நாட்களில் முட்டை சாப்பிடக் கூடாது, கோழி பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தது, சேர்ந்துபோன முட்டைக்குச் சாயம் போட்டு ஈஸ்டருக்குக் கொடுத்தார்கள், அதில் வந்த வழக்கம்தான் அம்மா இது என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். "அந்தக் கோழி ஐரோப்பாவில் இடட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

சரி, முட்டை விலைக்கு வருவோம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. தெருமுனைக் கடையில் முப்பது முட்டை அட்டை 185 ரூபாய். பெரம்பூரில் மொத்தக் கடையில் 170. எனக்கு வேண்டியது நான்கு அட்டை, ஆக 60 ரூபாய் மிச்சம். போகும்போது நடந்தே போய்விட்டேன். திரும்பும்போது 120 முட்டையைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது? ஆட்டோக்காரர் 80 கேட்டார். 60 மிச்சம் பிடிக்க 80 செலவு. போகட்டும், அவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்தி நிறுத்தி, கர்ப்பிணியை ஏற்றிப் போவதுபோல ஓட்டினார். ஒன்றுகூட உடையவில்லை. அந்த அண்ணனுக்கு நூறாகவே கொடுத்தேன். கணக்கு இன்னும் மோசமாகிவிட்டது, தெரியும்.

உடைந்ததெல்லாம் வீட்டில்தான். கொதிக்கிற தண்ணீரில் முட்டையைப் போட்டால் வெடிக்கும் என்று தெரிந்திருந்தும் அவசரத்தில் முதல் முறை அதைத்தான் செய்தேன். பதினொரு முட்டை காலி. அப்புறம்தான் புத்தி வந்து, அண்டாவின் அடியில் ஒரு பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு, பச்சைத் தண்ணீரிலேயே முட்டையை அடுக்கி, இருபது இருபதாக வேகவைத்தேன். கொதி வந்த பிறகு பத்து நிமிடம். அதற்கப்புறம் ஒன்றுகூடக் கீறவில்லை. மீதி 109.

சாயம் எல்லாம் சமையலறைச் சரக்குதான், கடைப் பொடி கிடையாது. மஞ்சள் தூளுக்கு மஞ்சள் வந்தது. வெங்காயச் சருகுக்கு நல்ல செங்கல் நிறம், எனக்கு ரொம்பப் பிடித்தது. சருகைக் காய்கறிக் கடையில் சும்மாவே கொடுத்தார்கள், தலைமுடிக்கா என்று கேட்டுவிட்டு. பீட்ரூட்டை நம்பாதீர்கள். பாத்திரத்தில் மகாராணி மாதிரி சிவப்பாக இருக்கும், முட்டையில் ஏறினால் பழைய சுவர். பீட்ரூட்டோடு எனக்கு இனி பேச்சுவார்த்தையே இல்லை.

நீலத்துக்குச் சங்குப்பூ. மாடியில் நம் தொட்டியில் படர்ந்திருக்கிறதே, மழை வீடியோவில் காட்டினேனே, அதே கொடி. இரண்டு வாரமாகப் பறித்துக் காயவைத்திருந்தேன். ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாச் சாயத்திலும் ஒரு மூடி வினிகர் விட வேண்டும், அப்போதுதான் ஓட்டில் பிடிக்கும். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சங்குப்பூத் தண்ணீரில் அந்த வினிகரை விட்டேன், அவ்வளவுதான், நீலம் போய் ஊதா. எலுமிச்சை பிழிந்த சங்குப்பூ டீ பார்த்திருப்பீர்கள், அதே கதை. இரண்டு வார உழைப்பு போச்சு என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். வந்தது வரட்டும் என்று முட்டையைப் போட்டு மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால், மக்களே, நீலம்! ஓடு முழுக்கக் கால்சியம் கார்பனேட்தானே. அது புளிப்பைச் சரிக்கட்டி, தன்மேல் ஒட்டும் சாயத்தை மறுபடி நீலமாக்கிவிட்டிருக்கிறது. பள்ளியில் வேதியியலில் நான் எடுத்த மதிப்பெண்ணைச் சொல்லமாட்டேன், ஆனால் அன்றைக்கு அந்த வாத்தியாரைத் தேடிப்போய்க் காட்ட வேண்டும் போலிருந்தது. அந்தக் குதியாட்டத்தில் கொட்டியதுதான் ஃப்ரிட்ஜ் கதவில் நீங்கள் பார்க்கும் கறை.

இப்போது ஃப்ரிட்ஜ். வெந்த முட்டையை இந்த வெயிலில் ரொம்ப நேரம் வெளியே வைக்க முடியாது, சாப்பிடப் போவது சின்னப் பிள்ளைகள். சபைச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் 109 முட்டையை வைக்க வேண்டுமென்றால் எதையாவது வெளியே எடுக்க வேண்டும். பெரிய தூக்குச் சட்டி ஒன்று இருந்தது. எடுத்துச் சமையல் மேடையில் வைத்தேன். அது அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காக, ஈஸ்டர் காலைச் சாப்பாட்டு இட்லிக்கு அரைத்து வைத்த மாவு. சபைக்கே போக வேண்டிய மாவு. ராத்திரி பதினொரு மணிக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, மேடையெல்லாம் வழிந்து, அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. இயேசுவின் கல்லறையை மூடிய கல்கூட அப்படிப் புரண்டிருக்காது என்று சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு மணிக்கு எழுந்து, புளித்த மாவில் வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் அரிசிமாவு சேர்த்து, குழிப்பணியாரமாக ஊற்ற ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று குச்சியால் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்படியே குளித்துக் கிளம்பிவிட்டோம்.

ஆராதனையைப் பற்றி நிறையச் சொல்லமாட்டேன், போன வருட வீடியோவில் முழுதாக இருக்கிறது. விளக்கெல்லாம் அணைத்த ஆலயம். ஆயர் ஐயா "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று சொல்ல, நாங்கள் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று மூன்று முறை சொல்ல, மெழுகுவத்தி கைக்குக் கை பற்றிக்கொண்டே போனது. மெழுகு கையில் சொட்டாமலிருக்கக் காகிதக் குவளையில் ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் எனக்கு முன்னால் நின்ற தம்பி போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். தம்பி, இந்த வீடியோ பார்த்தால் உனக்குத்தான் சொல்கிறேன், அது மெழுகுவத்தி இல்லை. சார்லஸ் வெஸ்லி 1739-இல் எழுதிய ஈஸ்டர் பாட்டைத் தமிழில் பாடினோம். ஒவ்வொரு வரி முடிவிலும் வரும் அல்லேலூயாவில்தான் என் குரல் போனது. பூ இந்த வருடம் கம்மி. ஈஸ்டர் எப்போதும் ஒரு பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிறு, இந்த முறை அது பங்குனிப் பௌர்ணமி. பங்குனி உத்திரமும் அதே வாரத்தில் வந்துவிட்டதால் சம்பங்கி விலையைக் கேட்டுப் பூ வாங்கப் போனவர்கள் பாதியோடு திரும்பிவிட்டார்கள்.

நீங்கள் சிஎஸ்ஐயா (தென்னிந்தியத் திருச்சபை), மெத்தடிஸ்டா, இரண்டும் ஒன்றா என்று ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒருவர் கேட்கிறீர்கள். ஒரே தடவை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து மெத்தடிஸ்டுகள் மதராஸுக்கு 1817-லேயே வந்துவிட்டார்கள், ஜேம்ஸ் லிஞ்ச் என்ற மிஷனரியோடு. அந்த வழி வந்தவர்கள் 1947 செப்டம்பர் 27 அன்று, இங்கே செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், சிஎஸ்ஐயில் இணைந்துவிட்டார்கள். அதனால்தான் ராயப்பேட்டையிலும் எழும்பூரிலும் வெஸ்லி பெயரோடு இருக்கும் ஆலயங்கள் இன்றைக்கு சிஎஸ்ஐ. அமெரிக்க மெத்தடிஸ்டுகள் வழி வந்தவர்கள் அதில் சேரவில்லை. நாங்கள் அந்தப் பக்கம். 1981-லிருந்து இந்திய மெத்தடிஸ்ட் திருச்சபை. போதுமா? என் பெரியம்மா சிஎஸ்ஐ, சித்தி எங்கள் சபை. பிரியாணிக்கு மட்டும் எல்லோரும் ஒரே சபை.

பிரியாணி என்றதும் நினைவு வந்தது, எங்களுடைய அன்பின் விருந்து. 1737-இல், மெத்தடிஸ்ட் இயக்கத்தைப் பிறகு தொடங்கிய ஜான் வெஸ்லி, அமெரிக்காவில் சவானா என்ற ஊரில் மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினரோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்து, பிடித்துப்போய், பிறகு தன் கூட்டங்களில் வைத்துக்கொண்ட வழக்கம். கொஞ்சம் ரொட்டி, குடிக்கத் தண்ணீர், சாட்சி சொல்வது, அவ்வளவுதான். நம் ஊருக்கு வந்து அது காலையில் இட்லி வடகறி, மத்தியானம் மட்டன் பிரியாணி ஆகிவிட்டது. பிரியாணி போடும் பாய் பல வருடமாக எங்கள் சபைக்கு வருபவர். பெரிய வெள்ளி அன்று மும்மணி ஆராதனை, அதாவது மூன்று மணி நேர ஆராதனை, முடிந்து கஞ்சியும் துவையலும் கொடுக்கும்போதே வந்து அடுப்புக்கு இடம் பார்த்துவிட்டுப் போவார். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது, "தாகமாயிருக்கிறேன்", ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே அவர் செங்கல் அடுக்கும் சத்தம் கேட்கும். அது கேட்காவிட்டால் எனக்குப் பெரிய வெள்ளி மாதிரியே இருக்காது.

காலைச் சாப்பாட்டில் அம்மாவின் பணியாரம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மற்றவர்களின் மல்லிகைப்பூ இட்லி அப்படியே இருக்க, செயலாளர் அம்மா எங்கள் அம்மாவிடம் வந்து அடுத்த வருடமும் பணியாரமே போடுங்கள் அக்கா என்கிறார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று இன்னும் தெரியவில்லை. உடைந்த பதினொரு முட்டையையும் குழம்பு வைத்துவிட்டார், அதை நல்ல சகுனமாக வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயம். ஆறரை மணிக்கு, வெயில் ஏறும் முன், 109 முட்டையையும் ஆலய வளாகத்தில் ஒளித்தோம். 54 பிள்ளைகள். கால் மணி நேரத்தில் தேடி முடித்துக் கூடையில் எண்ணினால் 106. யார் எங்கே ஒளித்தோம் என்று எழுதி வைத்தோமா? இல்லை. நானும் இரண்டு டீச்சர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். திங்கட்கிழமை ஒன்று அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் கிடைத்தது, எறும்போடு. செவ்வாய் ஒன்று, தோட்டக் குழாய்ச் சுருளுக்குள். இன்றைக்கு வியாழன். காலையில் வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "பாப்பா, ஆலயத்துக்கு உள்ளே ஏதோ வாடை வருது."

உள்ளே! வளாகத்தில் மட்டும்தான் ஒளிக்க வேண்டும் என்று பேசியிருந்தோம். நான் உள்ளே வைக்கவில்லை, சத்தியமாக. இரண்டு டீச்சர்களும் இல்லை என்கிறார்கள். எந்தப் பிள்ளையோ எடுத்துத் திரும்ப ஒளித்திருக்கிறது. மத்தியானம் போய் ஹார்மோனியத்தைத் திறந்தேன், பாட்டுப் புத்தக அலமாரியை இழுத்தேன், ஞானஸ்நானத் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். வாடை மட்டும் இருக்கிறது, முட்டை இல்லை. மின்விசிறி போட்டால் எல்லாப் பக்கமும் பரவுகிறது, நிறுத்தினால் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

எங்கள் சபைப் பெற்றோர் நிறையப் பேர் இதைப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து உங்கள் பிள்ளைகளிடம் அதட்டாமல் கேளுங்கள். நீல முட்டைதான், அது மட்டும் எனக்கு நிச்சயம், ஏனென்றால் கூடையில் நீலம்தான் குறைந்தது. ஞாயிறு எட்டரை ஆராதனைக்கு முன்னால் கிடைத்தாக வேண்டும். அன்றைக்கு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் வேறு.