கிரீன்லாந்து போக ஆசைப்படும் தண்டையார்பேட்டைத் தம்பிக்கு: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். வழக்கமாக இந்தப் பகுதியில் நான்கைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வேன். இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். கொஞ்சம் நீளமான கேள்வி என்பதால் சுருக்கிப் படிக்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சொல்லவில்லை.

"அண்ணா, எனக்கு 27 வயது. வீடு தண்டையார்பேட்டை. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் அலுவலகத்தில் வேலை. அப்பா காசிமேட்டில் ஐஸ் வியாபாரம். நான் கே, அதாவது ஆண்களை விரும்பும் ஆண். வீட்டுக்குத் தெரியாது. மூன்று வருடமாக ஒரே கனவுதான். கிரீன்லாந்துக்குப் போய், பனிப்பாறைகள் கடலில் மிதப்பதைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி ஒருவர் இப்போதைக்கு என் வாழ்க்கையில் இல்லை. நண்பர்கள் பேங்காக் போகலாம் வா என்கிறார்கள், கிரீன்லாந்து என்றால் சிரிக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே பாதுகாப்பு உண்டா? இப்படிக் கனவு கண்டுகொண்டே இருப்பது வாழ்க்கையை விட்டு ஓடுவதுதானா?"

தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களை அதிகமாக வருத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்த மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குக் காசிமேட்டுக்கு நடந்து போனேன். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்த ஐஸை ஆயிரம் முறையாவது பார்த்திருப்பேன், ஆனால் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். லாரியிலிருந்து ஒரு நீளமான ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்துக் கீழே விட்டார்கள். ஓரமெல்லாம் கண்ணாடி போல. அந்தப் பக்கம் நின்றவருடைய லுங்கியின் கட்டம்கூட அதன் வழியாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் பால் ஊற்றியதுபோல ஒரு வெள்ளைத் தண்டு மேலிருந்து கீழ்வரை ஓடியது. ஏன் அப்படி என்று அங்கே இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "தண்ணீர் ஓரத்திலிருந்துதான் முதலில் உறையும். உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக இடம் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பார் இயந்திரத்துக்குள் போய்த் தூளாகி, வஞ்சிரத்தின் மேல் கொட்டப்பட்டுவிட்டது.

நீங்கள் இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. உலகத்தின் மிகப் பெரிய ஐஸ்களில் ஒன்று எங்கே இருக்கிறதோ அதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். இதில் ஓட்டம் எங்கே இருக்கிறது? வீட்டை மறப்பதற்காகக் காண்கிற கனவாக இருந்தால் அதில் ஐஸ் வந்திருக்காது. உங்கள் கனவுக்குள் உங்கள் அப்பாவின் தொழில் இருக்கிறது.

அடுத்தது, அந்தக் கை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நம் வடசென்னையில் இரண்டு ஆண்கள் தோளில் கை போட்டுக்கொண்டு போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. விரல் கோர்த்து நடந்தால்கூடக் கேட்பதில்லை. திருவொற்றியூர்த் தேரடியில் பாருங்கள், கல்மண்டபம் சந்தையில் பாருங்கள், தினமும் நடப்பதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து வியந்து போகிறார்கள். ஆனால் அது நட்பு என்று எல்லோரும் எடுத்துக்கொள்வதால்தான் அந்தச் சுதந்திரம். என் கையை ஒருவர் அப்படிப் பல வருடம் பிடித்திருக்கிறார். தெருவே பார்த்தது, ஒருவருக்கும் அதன் பொருள் தெரியாது. அதை என்னால் பாதுகாப்பு என்று நினைக்க முடியவில்லை. ஒரு உண்மை எல்லோர் கண் முன்னாலும் இருந்தும் இல்லாமல் போவது உள்ளே மிகவும் வலிக்கும்.

நாங்கள் இருவரும் ஒருமுறை கொடைக்கானல் போயிருந்தோம். விடுதியின் பெயர் வேண்டாம். ஒரே கட்டில் உள்ள அறைக்குப் பணம் கட்டியிருந்தோம். வரவேற்பில் இருந்தவர் எங்கள் ஆதார் அட்டைகளை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்னால் வரிசையில் நின்ற குடும்பங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "இரண்டு ஜென்ட்ஸ், ஒரே கட்டிலா? எக்ஸ்ட்ரா பெட் போடச் சொல்கிறேன்" என்றார். "ஆமாம், போடுங்கள்" என்றேன். நான்தான் சொன்னேன். அன்றைக்கு இரவு அந்த மெத்தை தரையில் விரித்தபடியே கிடந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் இப்போது வேறு ஊரில், வீட்டில் பார்த்து வைத்த பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார். நன்றாக இருக்கட்டும்.

அதனால்தான், பொருள் தெரிந்தே ஒருவர் கையைப் பிடிக்க வேண்டும், "ஆமாம், ஒரே அறைதான்" என்று குரல் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவது எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை. எல்லாத் தம்பதிகளும் யோசிக்காமல் செய்கிற காரியம் அது. அதைச் செய்து பார்க்க நமக்குக் கனவில்தான் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இனி, பாதுகாப்பு.

கிரீன்லாந்து டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சியோடு இருக்கிற நாடு. மக்கள்தொகை ஏறக்குறைய 57,000. நம் ராயபுரம் தொகுதி வாக்காளர் பட்டியலே அதைவிடப் பெரியது. இவ்வளவு சிறிய நாட்டின் நாடாளுமன்றத்தில் 2015ஆம் ஆண்டு தன்பால் திருமணச் சட்டம் வந்தபோது எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. 2016 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தலைநகர் நூக்கில் 2010லேயே நம்மவர்களின் முதல் வானவில் ஊர்வலம் நடந்துவிட்டது. நம் நாட்டில் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் நம்மை விடுவித்தது 2018 செப்டம்பர் 6ஆம் தேதி. திருமண உரிமை கேட்டுப் போனபோது 2023 அக்டோபர் 17ஆம் தேதி இல்லை என்று சொல்லிவிட்டது. நாம் நிற்கிற இடம் அதுதான்.

ஆனால் சட்டம் நன்றாக இருக்கிறது என்பதால் ஊரே மாலை போட்டு வரவேற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன ஊர்களுக்கு உரிய குணம் அங்கேயும் இருக்கும். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும், நம் தெருவைப் போலவே. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒருவேளை யாராவது தவறாக நடந்துகொண்டால் காவல் நிலையத்துக்குப் போக நீங்கள் பயப்படத் தேவையில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அதுவே நம்மவர்களுக்குப் பெரிய விஷயம்.

அந்த ஊரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு நம் கரை ஞாபகம்தான் வருகிறது. அங்கேயும் மீன்தான் பிழைப்பு. அந்தக் காலத்தில் அவர்கள் கட்டடங்களுக்கு வேலைக்கு ஒரு நிறம் என்று அடித்து வைத்தார்களாம். மருத்துவமனைக்கு மஞ்சள், கடைகளுக்குச் சிவப்பு, மீன் தொழிற்சாலைக்கு நீலம். அதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆனது உங்களுக்குத் தெரியும். கயாக் என்ற படகின் பெயர் அந்தப் பனிநாட்டு இனுயிட் மக்களின் சொல். உலகம் முழுக்கக் கடலில் இறங்குகிறவர்களுக்கு ஒரு சொல்லை அவர்கள் கொடுத்தார்கள், ஒரு சொல்லை நாம் கொடுத்தோம்.

இன்னொரு தொடர்பும் இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனியர்கள், அதாவது டென்மார்க்காரர்கள், 1620இல் கோட்டை கட்டி, 1845 வரை அந்த ஊரை வைத்திருந்தார்கள். சீகன்பால்கு என்கிற பாதிரியார் 1706இல் அங்கே வந்து இறங்கினார், தமிழில் புத்தகம் அச்சிட்டார். அவரை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். அதே மன்னர் காலத்தில்தான் 1721இல் ஹான்ஸ் எகெடே என்கிற பாதிரியார் கிரீன்லாந்துக்குப் போனார். ஒரே அரண்மனையிலிருந்து ஒரு கப்பல் நம் கரைக்கு, ஒரு கப்பல் அந்தப் பனிக்கு. உங்கள் நண்பர்கள் சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஒரு நிமிடம். கீழே குப்பை வண்டி போகிறது, சத்தம் அடங்கட்டும். சரி.

நண்பர்கள் சொல்கிற பேங்காக்கையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் நம்மவர்கள் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். நம்மைப் போன்ற ஆயிரம் பேரை ஒரே தெருவில் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது, அதை நானும் அனுபவித்திருக்கிறேன். முதல் வெளிநாட்டுப் பயணமாக அங்கே ஒருமுறை போய் வாருங்கள் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதற்குப் பதில் இது என்று கனவை மாற்றிக்கொள்ள வேண்டாம். கே என்றால் இந்த நான்கு ஊர்களுக்குத்தான் போக வேண்டும் என்று நமக்கு நாமே ஒரு வேலி போட்டுக்கொள்கிறோம். நமக்கும் பனி பிடிக்கும், பறவை பிடிக்கும், பழைய கோட்டை பிடிக்கும்.

நான் பயப்படுவது நீங்கள் போகிற இடத்தை நினைத்து அல்ல, போகிற வழியை நினைத்து. சென்னையிலிருந்து கோபன்ஹேகனுக்கு மலிவான டிக்கெட் தேடினால் பெரும்பாலும் வளைகுடா வழியாகத்தான் காட்டும். துபாயிலும் தோஹாவிலும் தன்பால் உறவு சட்டப்படி குற்றம். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுகிறவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. ஆனால் விமானம் ரத்தானால் ஊருக்குள் தங்க வைப்பார்கள். அதனால் புறப்படுவதற்கு முன் போனில் இருக்கிற டேட்டிங் செயலிகளை நீக்கிவிடுங்கள், படங்களையும் ஒழுங்கு செய்யுங்கள். நண்பரோடு போனால் அங்கே இரண்டு அறை கேளுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் சென்னையிலிருந்து நேராக பிராங்ஃபர்ட் போய் அங்கிருந்து போங்கள். நானாக இருந்தால் ஆறு மாதம் கூடுதலாகச் சேர்த்தாவது அந்த வழியில்தான் போவேன்.

விசாவில் ஒரு முக்கியமான விஷயம். டென்மார்க்குக்குக் கிடைக்கிற, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா கிரீன்லாந்துக்குச் செல்லாது. கிரீன்லாந்து ஷெங்கனில் இல்லை. விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்துக்கும் வேண்டும் என்று குறிப்பிட்டு, விசாவில் அது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 2024 நவம்பரில் நூக்கில் பெரிய ஓடுதளம் திறந்துவிட்டார்கள், கோபன்ஹேகனிலிருந்து நேராகப் பறக்கலாம். செலவு அதிகம்தான், ஒளிக்க மாட்டேன். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் அங்கே சாலையே கிடையாது. விமானம், இல்லாவிட்டால் கப்பல்.

அந்த விசா விண்ணப்பத்தில் திருமண நிலை என்று ஒரு கட்டம் வரும். மணமானவர், மணமாகாதவர் இவற்றோடு, பதிவு பெற்ற இணை என்றும் ஒரு கட்டம் இருக்கும். தன்பால் இணைகளைப் பதிவு செய்ய உலகத்திலேயே முதலில் சட்டம் போட்ட நாடு டென்மார்க், 1989இல். நீங்கள் மணமாகாதவர் என்றுதான் டிக் செய்வீர்கள். நானும் அப்படித்தான் செய்வேன். இருந்தாலும் அந்தப் படிவத்தை முதல் முறை பார்த்தபோது அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஒருவர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேள்விக்குள் அது இருக்கிறது. காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன். 31 வயதில் இருவரும் சேர்ந்து போகலாம் என்று நோட்டுப் போட்டு எழுதிய பயணம், 44 வயதிலும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள், 1,500 ரூபாய்தான். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பார்கள். வேலைக்குத் தேவைப்படும் என்று சொல்லுங்கள், துறைமுக வேலை செய்கிறவருக்கு அது பொய்யும் இல்லை. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது தனிக் கேள்வி. சொந்தச் சம்பளமும், தங்க ஓர் இடமும் கைக்கு வந்த பிறகு அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள்.

எந்த மாதம் போவது? நான் ஜூன் என்பேன். நூக்கிலிருந்து வடக்கே இலுலிசாட் என்று ஓர் ஊர், ஐயாயிரம் பேர் இருப்பார்கள். அந்தப் பெயருக்கே பனிப்பாறைகள் என்றுதான் பொருள். ஜூன் முழுக்க அங்கே சூரியன் மறைவதே இல்லை. பக்கத்தில் இருக்கிற பனியாறு சில காலங்களில் ஒரு நாளைக்கு 40 மீட்டர் வரை நகர்ந்து, மலை மலையாக உடைந்து கடலில் விழுகிறது. 2004இலிருந்து அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடம்.

அந்தப் பனிக்குள்ளும் காற்று இருக்கிறது, தம்பி. காசிமேட்டு ஐஸ் பாரில் நடுவில் மாட்டிக்கொள்கிறது என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அதேபோல. ஆனால் அங்கே பனி ஆயிரக்கணக்கான வருடமாக ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து அமுங்கியதால் அந்தக் காற்றுக் குமிழ்கள் நசுங்கிக் கிடக்கின்றன. துண்டு உடைந்து கடலில் உருகும்போது, குமிழ்கள் ஒவ்வொன்றாக வெடித்துப் படபடவென்று சத்தம் வருமாம். கடுகு தாளிக்கிற மாதிரி என்று நான் கற்பனை செய்து வைத்திருக்கிறேன். நீங்கள் எனக்கு முன்னால் போனால் படகுக்காரரை இன்ஜினை நிறுத்தச் சொல்லி, அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்யுங்கள். முதலில் அப்பாவுக்கு அனுப்புங்கள். ஐம்பது வருடம் ஐஸோடு இருந்தவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.