தூணுக்குப் பின்னால் ஒளித்தால் ஃபயர்போல் படாதா?

வணக்கம் உறவுகளே. சனிக்கிழமை இரவு டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் ஆட்டத்தில், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகி டைஸ் உருட்டிக் கதை நடத்துகிற மேசை விளையாட்டில், நடந்த ஒரு விசயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைக் கதைக்க முதல் இதைப் பாருங்கள். எட்டு டைஸ். எல்லாம் ஆறு முகம், எல்லாம் ஒரே சிவப்பு.

பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும், கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த செட்டில் ஏழு டைஸ் இருந்தாலும் ஆறுமுக டைஸ் ஒன்றுதான். ஃபயர்போல் என்கிற தீ மந்திரத்தின் சேதத்தை உருட்ட எட்டு வேண்டும். ஒன்றையே எட்டுத் தரம் உருட்டி, கொப்பியில் எழுதிக் கூட்டி முடிக்க, மேசையில் இருந்த எல்லாரும் போனை எடுத்துவிடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமை பஸ் ஸ்ராண்ட் பக்கம் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் இரண்டிலும் லூடோ பெட்டியோடுதான் தருவார்களாம், 650 ரூபா. மூன்றாவது கடையில் ஐயா ஒருவர் உள்ளே போய் ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்து கொட்டினார். ஒன்று 40 ரூபா, எட்டுக்கு 320. சிவப்பை மட்டும் தெரிந்தெடுக்கக் கால் மணித்தியாலம் போனது. "தம்பி, தாயம் விளையாடவோ?" என்று கேட்டார். டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் பற்றி விளக்கினேன், பொறுமையாகக் கேட்டார். அருமையான மனுசன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். என் கதாபாத்திரமான விஸார்ட், அதாவது மந்திரவாதி, இப்போதுதான் ஐந்தாம் லெவல், அதாவது ஃபயர்போல் கிடைக்கிற லெவல். இதற்காக எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். 150 அடிக்குள் ஒரு புள்ளியைக் காட்ட வேண்டும். அந்தப் புள்ளியைச் சுற்றி 20 அடி ஆரத்துக்குள் இருக்கிற எல்லாருக்கும் தீ. ஆரம் 20 என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் 40 அடி. எங்கள் வீட்டுக் கேற்றிலிருந்து கிணற்றடி வரைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம்மவர், பிறத்தியார் என்று அது பார்க்காது, அதனால் எங்கள் ஆட்களை முதலில் பின்னுக்கு வரச் சொன்னேன்.

உருட்டினேன். சேதம் 31! எட்டு டைஸின் சராசரி 28, அதைவிட மூன்று கூட. இதை எல்லாருக்கும் சேர்த்து ஒரு தரம்தான் உருட்ட வேண்டும், எதிரே நின்ற ஒவ்வொரு கொப்ளினுக்கும், அதாவது குட்டிப் பூதத்துக்கும், தனித்தனியாக இல்லை. தனித்தனியாக உருட்டுவது சேவிங் த்ரோ, அதாவது தப்புகிறதா என்று பார்க்கிற உருட்டல், மட்டும். அதில் தவறினால் முழு 31, தப்பினால் பாதி, அரையைக் கீழே விட்டு 15. கொப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7தான், ஆகவே தப்பினாலும் சாவுதான். நின்ற நான்கு கொப்ளினும் செத்தன.

பிரச்சினை அவற்றோடு நின்ற பக்பேர் என்கிற பெரிய பூதத்தில். அதற்கு உயிர்ப்புள்ளி 27. கல்தூணுக்குப் பின்னால் நின்றது. தீ மூலையைச் சுற்றிப் பரவும், அதுவும் சேவிங் த்ரோ உருட்ட வேண்டும் என்றேன். எங்களுக்கு ஆட்டம் நடத்துகிற அண்ணா, தூண் முழுக்க மறைக்கிறது, படாது என்றார். நான் புத்தகத்தைத் திறந்தேன், அவர் போனைத் திறந்தார். அவர் போனில் அந்த வரியே இல்லை! அரை மணித்தியாலம் வாதம். கடைசியில் அவர் சொன்னதே தீர்ப்பானது. அடுத்த முறை பக்பேர் வெளியே வந்து அடித்த அடியில் எங்கள் கிளெரிக், அதாவது குணப்படுத்துகிற பூசாரி, விழுந்தார். கிளெரிக் விளையாடுகிற தங்கச்சியின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். யாரும் கையில் வைத்திருக்காத, எரியக்கூடிய பொருளும் பற்றிக்கொள்ளும். அங்கே மேசையில் கிடந்த வரைபடம் போய்விட்டது. அதற்காகத்தான் நாங்கள் அந்தக் குகைக்கே போனோம்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் புத்தகம் 2014 பதிப்பு. அதில் தீ மூலைகளைச் சுற்றிப் பரவும் என்று தெளிவாக இருக்கிறது. அண்ணாவின் போனில் இருந்தது 2024 திருத்தம். அதில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். 8 டைஸ், 20 அடி, 150 அடி, எல்லாம் அப்படியே இருக்க, அந்த ஒரு வரி மட்டும் இல்லை. எனக்கு 2014தான் பிடிக்கும். தீ என்றால் பரவ வேண்டும். தூணுக்குப் பின்னால் நின்று தப்புவது அம்புக்குச் சரி, வெடிக்குச் சரியில்லை.

இந்த மந்திரத்துக்கு வேண்டிய பொருள் வௌவால் எச்சமும் கந்தகமும். வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுப்பார்கள், கந்தகத்தோடு கரியும் சேர்த்தால் வெடிமருந்து. எழுதியவர்கள் மனதில் வெடிதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நேற்று அண்ணாவுக்கு இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். இனி 2014தான் என்று ஒத்துக்கொண்டார். போன கிழமைத் தீர்ப்பை மாற்ற மாட்டாராம், அது நியாயம்தான். பத்து மணியாகிவிட்டதால் சண்டையை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறோம். பக்பேர் திரும்பவும் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஐந்தாம் லெவல் விஸார்டுக்கு மூன்றாம் லெவல் ஸ்லொட் இரண்டு, அதாவது ஃபயர்போலை இரண்டு தரம் போடலாம். என்னிடம் இன்னும் ஒன்று இருக்கிறது.