டைட்டில் ஏன் கனமாக வந்து உட்கார மாட்டேன் என்கிறது?

சரி, அடுத்த கேள்வி. "டிவி நிகழ்ச்சி புரோமோவுக்கு டைட்டில் அனிமேஷன் செய்தால் பவர்பாயிண்ட் ஸ்லைடு மாதிரியே இருக்கிறது. சேனலில் வருவது போல கனமாக வந்து உட்கார மாட்டேன் என்கிறது. எந்தப் பிளகின் வாங்குவது?" என்று ஒருவர் கேட்டு, கிளிப்பும் அனுப்பியிருக்கிறார்.

எதையும் வாங்க வேண்டாம். கிளிப்பைப் பார்த்தேன். டிசைன் நன்றாகவே இருக்கிறது, கோளாறு எழுத்து ஓடுகிற வேகத்தில்தான். இடது ஓரத்தில் ஒரு கீஃப்ரேம், அதாவது இந்த நேரத்தில் எழுத்து இங்கே இருக்க வேண்டும் என்று குறிக்கிற புள்ளி, நடுவில் ஒன்று. இடையில் 25 ஃப்ரேம் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்), அதாவது சரியாக ஒரு விநாடி. முழுத் தூரமும் ஒரே வேகத்தில் வந்து சுவரில் முட்டியது போல நிற்கிறது.

அந்த 25 ஃப்ரேமை 12 ஆக்குங்கள். பிறகு அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இரண்டு கீஃப்ரேமுக்கும் ஈசி ஈஸ் கொடுங்கள், அதாவது வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அமைப்பு. பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். அது தொடக்கத்தையும் முடிவையும் ஒரே அளவுக்கு மெதுவாக்கிவிடும், லிஃப்ட் கதவு மாதிரி. நமக்கு வேண்டியது அதுவல்ல. வேகத்தை வளைகோடாகக் காட்டுகிற கிராஃப் எடிட்டரைத் திறந்து, வேக வளைவின் மேட்டை இடப்பக்கம் தள்ளுங்கள். முதல் நான்கைந்து ஃப்ரேமிலேயே எழுத்து முக்கால் தூரம் பாய்ந்து வந்துவிட வேண்டும். மிச்சத் தூரத்தை நிதானமாகக் கடக்கட்டும். அப்போதுதான் அதற்கு எடை இருப்பதாகக் கண் நம்பும்.

மோஷன் பிளரும், அதாவது ஓடும்போது எழுத்து கலங்கித் தெரிகிற விளைவும் போடுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயருக்கு (எழுத்து இருக்கிற அடுக்கு) ஒரு ஸ்விட்ச், காம்போசிஷனுக்கு (எல்லா அடுக்கும் சேர்ந்த காட்சி) ஒரு ஸ்விட்ச். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று நானும் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

எல்லை தாண்டிப் போய்த் திரும்புகிற துள்ளல், ஓவர்ஷூட், அதையும் கேட்டிருந்தார். நகைச்சுவை நிகழ்ச்சிக்குத் தாராளமாக வையுங்கள். துப்பறியும் தொடருக்கு வேண்டாம், "கொலை" என்ற சொல் ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்தும் பாதிக் கிணறுதான், மீதி சத்தத்தில் இருக்கிறது. உங்கள் கிளிப்பில் 'டம்' என்று அடிக்கும்போதுதான் எழுத்து கிளம்பவே தொடங்குகிறது. தலைகீழாக்குங்கள். 'டம்' விழுகிற ஃப்ரேமில் எழுத்து வந்து சேர்ந்திருக்க வேண்டும். முதலில் ஆடியோவில் அந்த இடத்துக்கு மார்க்கர் வையுங்கள், பிறகு கீஃப்ரேமைப் பின்னாலிருந்து முன்னால் எண்ணி வையுங்கள்.

தமிழ் எழுத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வோர் எழுத்தாக வரவைக்கும் பிரீசெட்டை, அதாவது ஆயத்த அனிமேஷனைப் போட்டால் சில நேரம் 'கொ'வின் கொம்பு முதலில் வந்து நிற்கும், ககரம் அப்புறம், கால் கடைசியில். பிரிஃபரன்ஸில், எழுத்துகளைக் கோத்துக் காட்டுகிற டெக்ஸ்ட் என்ஜினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றிப் பாருங்கள். அப்படியும் பிரிந்தால் சொல் சொல்லாகவே வரவையுங்கள். புரோமோவின் வேகத்துக்கு அதுவே போதும், பார்க்கவும் அழகு.

கடைசியாக எண்ட் பேஜ், அதாவது நிகழ்ச்சியின் பெயரும் நாளும் நேரமும் வருகிற இடம். நீங்கள் அதற்கு ஒரு விநாடிதான் கொடுத்திருக்கிறீர்கள். அசைவெல்லாம் நின்ற பிறகு அதை வாய்விட்டு இரண்டு முறை படிக்க நேரம் இருக்க வேண்டும். ஒரே புரோமோ "ஞாயிறு", "நாளை", "இன்று" என்று மூன்று விதமாகப் போகும். அதனால் நாள் வருகிற இடத்தை மட்டும் தனி பிரீகாம்பில், அதாவது உள்ளே வைக்கிற தனிக் காம்போசிஷனில் வையுங்கள், இல்லையென்றால் மூன்று முறையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

எழுத்துகளை ஓரத்தில் ஒட்டாதீர்கள். 1920-க்கு 1080 ஃப்ரேமில் பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விடுங்கள். சேனல் லோகோ எந்த மூலையில் வரும், கீழே ஓடுகிற ஸ்க்ரோல் எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவை ஒளிபரப்பின்போது மேலே வந்து உட்காரும். அப்புறம், பெயருக்கு அடியில் ஒரு பிக்சல் கோடு போட்டிருக்கிறீர்களே, ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வருகிற இன்டர்லேஸ் ஒளிபரப்பில் அது மினுக்கும். மூன்று பிக்சல் ஆக்கிவிட்டு மறுபடி அனுப்புங்கள், பார்க்கலாம்.