செஸ் ஒலிம்பியாடும் மாமல்லபுரத்தின் சுற்றுலாக் கணக்கும்

[காட்சி: நேப்பியர் பாலம்]

2022 ஜூலையில் சென்னை நேப்பியர் பாலத்தைக் கடந்தவர்கள் சதுரங்கப் பலகையின் மீதே வண்டி ஓட்டிச் சென்றார்கள். சாலையிலும் பக்கச் சுவர்களிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற ‘தம்பி’ என்னும் குதிரைச் சின்னம் ஊரெங்கும் வரவேற்றது. உக்ரைன் மீதான படையெடுப்பையடுத்து ரஷ்யாவிடமிருந்து மாற்றப்பட்ட 44-ஆவது செஸ் ஒலிம்பியாட், நான்கே மாத ஏற்பாட்டில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தது. தமிழ்நாடு அரசு அதற்கென முதலிலேயே 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. அந்தப் பணம் சுற்றுலாவுக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை எப்படிக் கணக்கிடுவது என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

[காட்சி: கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகள்]

180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் இரண்டு வாரம் தங்கியதால் விடுதிகள் நிரம்பின. ஆனால் செஸ் ஒலிம்பியாடில், அணிகளின் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் போட்டியை நடத்துபவர்களே செலவு செய்ய வேண்டும். ஆகவே அந்த அறை வாடகையில் பெரும்பகுதி, வெளிநாட்டிலிருந்து வந்த பணமன்று. நம் வரிப்பணமே விடுதியின் கல்லாவுக்குப் போய்ச் சேர்ந்தது. வீரர்களின் குடும்பத்தினரும் பார்வையாளர்களும் தங்கள் கையிலிருந்து செலவழித்த தொகைதான் புதிய வருமானம். நாட்டிய விழா நடக்கும் டிசம்பர், ஜனவரியில் இதே போட்டி நடந்திருந்தால், வழக்கமாக வரும் பயணிகள் அறை கிடைக்காமல் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த இழப்பையும் கழித்தாக வேண்டியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தேர்ந்தெடுத்தது அவ்வகையில் நல்லதாயிற்று என்றே கருதுகிறேன்.

[காட்சி: கடற்கரைக் கோயில்]

இனி, பலரும் சறுக்கும் இடத்துக்கு வருவோம். 2021-22-ஆம் ஆண்டில் 1,44,984 வெளிநாட்டவர் மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்களைப் பார்வையிட்டனர் என்றும், தாஜ்மகாலுக்கு வந்தவர்கள் 38,922 பேர் மட்டுமே என்றும் ஒன்றியச் சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் காட்டியது. போட்டி முடிந்த சில வாரங்களில் இந்தச் செய்தி வெளியானதால், இரண்டையும் முடிச்சுப்போடத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் கணக்காண்டு 2022 மார்ச்சில் முடிந்துவிட்டது. முதல் காய் நகர்ந்ததோ ஜூலை இறுதியில். ஒரு காயைக்கூட நகர்த்தாமலே தாஜ்மகாலை முந்திய ஊர் அது. அந்தப் பெருமை பல்லவர் காலச் சிற்பிகளுக்கு உரியது.

இந்த ஒலிம்பியாடில் முதல் பலகையில், அதாவது ஒவ்வோர் அணியின் முதல் இடத்து வீரர்களுக்கான தனிநபர் பிரிவில், தங்கம் வென்ற குகேஷ், 2024-இல் உலக சாம்பியன் ஆனார். தமிழ்ச் சிறுவர்களுக்கு அது எத்தனை பெரிய ஊக்கம் என்பதை நேரில் பார்த்து மகிழ்பவன் நான். இருப்பினும் அது விளையாட்டுத் துறையின் வரவு. அதைக் காட்டிச் சுற்றுலாச் செலவை நியாயப்படுத்தக் கூடாது.

[காட்சி: ஐந்து ரதங்கள், நுழைவுச்சீட்டு வழங்குமிடம்]

சரியாக அளக்கும் வழி தொலைவில் இல்லை. கடற்கரைக் கோயிலிலும் ஐந்து ரதங்களிலும் இந்தியருக்கு 40 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாயும் கட்டணம் என்பதால், எத்தனை வெளிநாட்டவர் வந்தனர் என்பது சீட்டிலேயே தனியாகப் பதிவாகிறது. போட்டிக்கு முந்தைய ஆண்டுகளின் மாதவாரி எண்ணிக்கையையும் பிந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்து, கொரோனாவுக்குப் பின் எல்லா ஊர்களிலும் ஏற்பட்ட மீட்சியைக் கழித்துவிட்டு, எஞ்சுவதை அந்த 92 கோடியோடு ஒப்பிட வேண்டும். அடுத்த போட்டிக்கு நிதி ஒதுக்கும் அரசாணையிலேயே, இந்தக் கணக்கை எந்தத் துறை எந்த ஆண்டுக்குள் வெளியிட வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.