புள்ளியில்லாச் சுருளைப் படிக்கும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

யூதக் குடும்பத்தில் ஒரு பையனுக்கு 13 வயது நிறைந்தால் அவன் ‘பார் மிட்ஸ்வா’. சமயக் கட்டளைகளுக்கு இனி அவனே பொறுப்பு. பெண் பிள்ளைக்கு மரபுப்படி 12 வயது. ‘பாத் மிட்ஸ்வா’ என்பார்கள். இதற்குச் சடங்கே தேவையில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விருந்து வைக்காவிட்டாலும், பையன் அன்று காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும், தேதி வந்தால் பொறுப்பும் வந்துவிடும். ஜெப ஆலயத்தில் நடப்பது அதை ஊரறியச் சொல்வதுதான். அப்படிச் சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் தேதி குறிக்க வேண்டும். கணக்கு எபிரேயப் பஞ்சாங்கப்படி. அதில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ஆகவே பொழுது சாய்ந்தபின் பிறந்த பிள்ளைக்கு மறுநாள் தேதி. பிறந்த நேரத்தைக் கேட்காமல் குறித்தால் ஒரு நாள் தவறிப்போகும். 19 ஆண்டுகளில் ஏழு ஆண்டுகளுக்குக் கூடுதலாக ஒரு மாதம் வரும். அந்த ஆண்டுகளில் ‘அதார்’ மாதம் இரண்டு. முதல் அதார் 29-இல் ஒருவனும், இரண்டு நாள் கழித்து இரண்டாம் அதார் 1-இல் இன்னொருவனும் பிறந்திருக்கட்டும். அவர்களுக்கு 13 வயது நிறையும் ஆண்டில் அதார் ஒன்றே ஒன்றுதான் என்றால், இளையவன் 1ஆம் தேதியே பெரியவனாகிவிடுவான். மூத்தவன் 29 வரை காத்திருக்க வேண்டும். யூதச் சட்ட நூலிலேயே இருக்கிற கணக்கு இது.

தேதி தெரிந்தால் பாடம் தெரியும். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, வாராவாரம் வாசித்து ஓராண்டில் முடிக்கிறார்கள். பகுதிகள் ஒரே அளவில் இல்லை. ‘நாசோ’ பகுதிக்கு 176 வசனங்கள், ‘வயேலெக்’ பகுதிக்கு 30. முழுப் பகுதியையும் பிள்ளையே வாசிக்க வேண்டும் என்று பெற்றோர் பிடிவாதம் பிடிக்குமுன் இந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. ஓய்வுநாளான சனிக்கிழமைக் காலையில் ஏழு பேரை அழைத்து வாசித்தபின், ‘மஃப்தீர்’ என்று கடைசியாக ஒருவரை அழைப்பார்கள். அந்தச் சில வசனங்களும், அதையடுத்து இறைவாக்கினர் நூல்களிலிருந்து வரும் ‘ஹஃப்தாரா’வும் போதும், பலர் அவ்வளவோடுதான் நிறுத்துகிறார்கள்.

சிரமம் தோராவை எழுதிவைத்திருக்கும் சுருளில்தான் இருக்கிறது. தோலில் கையால் எழுதிய சுருள் அது. மெய்யெழுத்து மட்டுமே இருக்கும்; உயிரொலிப் புள்ளி, நிறுத்தக் குறி, வசன எண், இசைக் குறி எதுவும் கிடையாது. அத்தனையையும் பிள்ளை மனதில் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பயிற்சிக்கு ‘திக்குன்’ என்ற அச்சுப் புத்தகம் உண்டு. ஒரு பத்தியில் எல்லாக் குறிகளோடும், பக்கத்துப் பத்தியில் சுருளில் இருப்பதைப் போல வெறுமையாகவும் அதே வசனங்கள் இருக்கும். குறியோடு மூன்று முறை, பிறகு அதை மூடிவிட்டு வெறும் பத்தியில் மூன்று முறை. வாரத்துக்கு மூன்று நான்கு வசனம் போதும். தினம் இருபது நிமிஷம் படிப்பவன், ஞாயிறன்று மட்டும் இரண்டு மணி நேரம் படிப்பவனைவிட முன்னே போய்விடுவான்.

பெரும்பாலும் கோளாறு தொடங்குவது ஒலிப்பதிவில். ஆசிரியர் பாடிக் கைப்பேசியில் அனுப்புகிறார். பிள்ளை சினிமாப் பாட்டைப் போலக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுகிறான். வீட்டில் அட்சரம் பிசகாது. மேடையில் ஒரு சொல் நழுவினால் போச்சு. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல், முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் ஓடும். சுருளிலோ பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூட இல்லை. ஆகவே முதல் இரண்டு மாதம் வசனத்தைத் தொடாமல் இசைக் குறிகளை மட்டும் கற்பிப்பதே சரி. அவை வெறும் ராகக் குறிகள் அல்ல, எங்கே நிறுத்துவது என்றும் சொல்பவை. ‘எத்னாக்தா’ வந்தால் வசனத்தின் நடுவில் பெரிய நிறுத்தம். தோராவுக்கும் ஹஃப்தாராவுக்கும் குறிகள் ஒன்றே, மெட்டு வேறு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் கலந்துவிடும். ஊருக்கு ஊர் மெட்டும் மாறும் என்பதால், இணையத்தில் அகப்பட்ட பதிவு உங்கள் சபையின் மெட்டாக இல்லாமல் போகலாம். 13 வயதில் தொண்டை உடைவதையும் மறக்கக் கூடாது. ஆரம்பச் சுருதியைத் தாழ்வாகவே வையுங்கள்.

கடைசி வாரம் உண்மையான சுருளைத் திறந்து ஒருமுறையாவது படிக்கவிட வேண்டும். வரியை நிரப்புவதற்காகச் சில எழுத்துகளை எழுதியவர் இழுத்திருப்பார். ‘தாலெத்’, ‘ரேஷ்’ என்ற இரண்டு எழுத்துகளுக்கும் ஒரு மூலையளவே வித்தியாசம். விரலால் தொடக் கூடாது என்பதால், நுனியில் குட்டிக் கை வைத்த ‘யாத்’ என்ற கோலால் வரியைத் தொடர வேண்டும்.

வாசிப்பவருக்கு இருபுறமும் திருத்துபவர்கள் நிற்பார்கள். பொருள் மாறினால் திருத்தியே ஆக வேண்டும். ‘வெஆஹவ்தா’ என்ற எபிரேயச் சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் ‘அன்புகூர்வாயாக’. முந்தைய அசைக்கு நகர்ந்தால் ‘அன்புகூர்ந்தாய்’ என்றாகிவிடும். மெட்டு மட்டும் பிசகினால் விட்டுவிடலாம். நான்கு மாமாக்கள் நான்கு மூலையிலிருந்து திருத்தம் சொல்வதுதான் பிள்ளையைக் கவிழ்ப்பது. திருத்துவது ஒருவர் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் மிட்டாய் எறிவார்கள். மென்மையான மிட்டாயாக இருக்கட்டும். கெட்டி மிட்டாய் கண்ணில் பட்டால் விழா கெட்டுவிடும்.

தோல் பெட்டிகள் இரண்டைக் கையிலும் தலையிலும் கட்டும் ‘தெஃபிலின்’ பழக்கமும் இந்த வயதில்தான். தமிழ் விவிலியம் காப்புநாடா என்று சொல்வது இதைத்தான். வலக்கையன் இடக்கையில் கட்டுவான், இடக்கையன் வலக்கையில். முன்கையில் ஏழு சுற்று. தலைப்பெட்டி நெற்றிக்கு இறங்காமல் மயிர் முளைக்கும் இடத்துக்கு மேலேயே இருக்க வேண்டும்; புதியவர்கள் எல்லாரும் தவறுவது இங்கேதான். சனிக்கிழமை இதைக் கட்டுவதில்லை. அதனால் தோராவும் வாசிக்கும் திங்கள் அல்லது வியாழன் காலையை விழாவுக்குத் தேர்ந்தெடுக்கிற குடும்பங்களும் உண்டு. சனிக்கிழமையில் மரபுச் சபைகள் அனுமதிக்காத புகைப்படத்துக்கும் அன்று தடையில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சபைக்குச் சபை வேறுபாடு பெரிது. 1922-இல் நியூயார்க்கில் ரப்பி (யூத சமய குரு) மொர்தெகாய் கப்லானின் மகள் ஜூடித், தன் பாத் மிட்ஸ்வாவில் அச்சுப் புத்தகத்திலிருந்துதான் வாசித்தாள். இன்று சீர்திருத்தச் சபைகளில் பெண்களும் சுருளிலிருந்தே வாசிக்கிறார்கள். மரபுச் சபைகள் பலவற்றில் இன்னும் உரையும் விருந்தும் மட்டுமே.

விழாவுக்கு மறுவாரமே படிப்பை நிறுத்திவிடும் பிள்ளைகள் நிறைய. சீர்திருத்தச் சபைகள் 16 வயதையொட்டி ‘உறுதிப்படுத்தல்’ வைத்து, அதுவரை வகுப்பைத் தொடர்கின்றன. சிறிய மரபுச் சபைகளில் பையனைப் பிடித்துவைப்பது வேறொன்று. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். இனி அவனும் அந்தக் கணக்கில். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தால் போன் அவன் வீட்டுக்குத்தான் போகும்.