டிரெட்மில்லில் ஓடும் பன்றியும், இதயக் குழாயில் மாறிப்போன ஒரு கதவும்

[திரையில்: டிரெட்மில் மீது ஒரு பன்றி]

டிரெட்மில்லில் ஒரு பன்றி ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் கம்ப்யூட்டரில் செய்த படம் என்று தோன்றும். இது நிஜம். இதய ஆய்வுக்கூடங்களில் பல வருடங்களாக நடந்துவருவதுதான். பன்றிகளுக்குச் சர்க்கரை நோயையும் ரத்தக் கொழுப்பையும் வரவைக்கிறார்கள். சில பன்றிகளை வாரக்கணக்கில் ஓடவிடுகிறார்கள், சிலவற்றைச் சும்மா இருக்க விடுகிறார்கள். அப்புறம் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயிலிருந்து செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். ஓடிய பன்றிக்கும் ஓடாத பன்றிக்கும் என்ன வித்தியாசம்? வீடியோ முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அடிப்படையை வேகமாக முடித்துவிடுவோம். இதயத்தின் மேல் படர்ந்து, இதயத்துக்கே ரத்தம் கொடுப்பவை கொரோனரி தமனிகள். அவற்றின் சுவரில் மென்தசை செல்கள் இருக்கின்றன. அவை இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, தனக்கு வரும் ரத்தத்திலிருந்து 70 முதல் 80 சதவீத ஆக்சிஜனை இதயம் எடுத்துவிடுகிறது. ஓடும்போது இன்னும் வேண்டுமென்றால் ரத்த ஓட்டத்தைத்தான் கூட்ட வேண்டும். அதாவது குழாய் விரிந்தே ஆக வேண்டும். எப்போது இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதில் பெரும்பங்கு அயனி சேனல்களுக்கு உண்டு. செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கதவுகள் இவை. ஒன்று கால்சியத்தை உள்ளே விடும், ஒன்று பொட்டாசியத்தை வெளியே விடும்.

அவ்வளவு சின்னக் கதவு திறக்கிறதா, மூடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

[திரையில்: கண்ணாடிக் குழாயின் முனை, பக்கத்தில் ஒரு செல்]

1976-ல் ஜெர்மனியில் எர்வின் நேஹர், பெர்ட் சாக்மன் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். அதன் பெயர் பேட்ச் கிளாம்ப். மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்தால் முனை மயிரைவிட மெலிதாகும். சுமார் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த முனையைச் செல்லின் மேல் மெதுவாக வைத்து லேசாக உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு சேனல் இருந்தால்கூட, அது திறக்கும்போது மானிட்டரில் கோடு சட்டென்று ஒரு படி ஏறும், மூடியதும் இறங்கும். ஒற்றைப் புரதம் வேலை செய்வதைக் கண்முன்னே பார்க்கிறோம்! எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. அந்த உறிஞ்சலைப் பல ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ஒரு டியூபை வாயில் வைத்துத்தான் செய்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு வாய் தரும் பக்குவம் வேறு எதிலும் வராது என்பார்கள். இருவருக்கும் 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம்.

ஆரோக்கியமான மென்தசை செல்லில் கால்சியம் பெரும்பாலும் எல்-டைப் சேனல் வழியாக உள்ளே வருகிறது. கால்சியம் வந்தால் செல் இறுகும். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு அதிகம். நிரம்பிய ஏரி ஒரு பக்கம், வறண்ட வயல் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் மதகுதான் எல்-டைப் சேனல். இந்த மதகு மின்னழுத்தத்துக்குக் கட்டுப்பட்டது. பக்கத்திலேயே பி.கே. என்றொரு பொட்டாசியம் சேனல் இருக்கிறது. அது திறந்தால் பொட்டாசியம் வெளியே போகும், செல்லின் உட்பக்கம் இன்னும் எதிர்மின்னாகும். உடனே எல்-டைப் மதகு மூடிக்கொள்ளும், செல் தளரும், குழாய் விரியும். பொட்டாசியம் வெளியே போனால் குழாய்க்கு நல்லது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குழாயில் நோய் வருகிறது. அல்லது அடைத்த குழாயை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி பலூன் ஊதி உட்சுவர் காயப்படுகிறது. மென்தசை செல் தன் வேலையையே மாற்றிக்கொள்கிறது. இறுகுவதும் தளர்வதுமாக இருந்த செல், நகரவும் பெருகவும் தொடங்குகிறது. எல்-டைப் சேனல் குறைகிறது. பி.கே. பின்னுக்குப் போகிறது. அந்த இடத்தில் கே.சி.ஏ. 3.1 என்ற வேறொரு பொட்டாசியம் சேனல் முளைக்கிறது.

இதுவும் பொட்டாசியத்தைத்தான் வெளியே விடுகிறது. செல்லின் உட்பக்கம் முன்பு போலவே எதிர்மின்னாகிறது. அப்படியென்றால் நல்லதுதானே?

இல்லை! மூடிக்கொள்ள வேண்டிய மதகே இப்போது பெரும்பாலும் இல்லை. கால்சியம் வேறு ஓட்டைகள் வழியாக வருகிறது. அந்த ஓட்டைகள் மின்னழுத்தத்தைப் பார்த்து மூடுபவை அல்ல. உட்பக்கம் எதிர்மின்னாக ஆக, நேர்மின் கொண்ட கால்சியத்துக்கு இழுப்புதான் கூடுகிறது. வயலைப் பள்ளமாக்கப் பள்ளமாக்க, அடைக்காத ஓட்டையில் தண்ணீர் இன்னும் வேகமாகப் பாய்வது போல. அந்தக் கால்சியம் செல்லைப் பெருகச் சொல்கிறது. பெருகிய செல்கள் குழாயின் உட்புறத்தை அடைக்கின்றன. வெளியே போவது அதே பொட்டாசியம்தான். ஒரு செல்லில் அது குழாயை விரிக்கிறது, இன்னொரு செல்லில் குழாயை அடைக்கிறது. சேனலை மட்டும் தனியாகப் பார்த்து நல்லது, கெட்டது என்று முத்திரை குத்தக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். எந்தச் செல், எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புரியவில்லை என்றால் ஒரு நிமிடம் பின்னால் போய் மறுபடி கேளுங்கள். இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இந்தக் கதவை அடைத்தால் என்ன ஆகும்? பூஞ்சைத் தொற்றுக்குப் போடும் க்ளோட்ரிமசோல் களிம்பு தெரியுமா? அந்த மருந்து இந்தச் சேனலை அடைக்கும். ஆனால் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் அது தடுத்துவிடும். அதன் அமைப்பை மாற்றி, நொதிகளைத் தொடாமல் சேனலை மட்டும் அடைக்கும் டிராம்-34 என்ற மூலக்கூறை 2000-ல் வெளியிட்டார்கள். பலூனால் காயப்பட்ட எலியின் தமனியில் செல் பெருக்கத்தை அது குறைத்தது. 2008-ல் பன்றிகளின் கொரோனரி தமனியில், டிராம்-34 பூசிய பலூனையே பயன்படுத்தினார்கள். காயம் செய்வதும் அந்தப் பலூன், மருந்து தடவுவதும் அந்தப் பலூன். குழாய் அடைவது குறைந்தது. ஆனால் குழாயின் உட்படலத்திலும் இதே சேனல் இருக்கிறது, அங்கே அது குழாய் விரிய உதவுகிறது. அதனால் மாத்திரையாக உடம்பு முழுக்க அனுப்புவதைவிட, காயம் பட்ட இடத்திலேயே தடவும் முறைதான் எனக்கு அறிவுள்ள வழியாகப் படுகிறது.

சுண்டெலியை வைத்தே இதையெல்லாம் செய்யலாமே என்பீர்கள். சாதாரணச் சுண்டெலிக்கு ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதே அபூர்வம். ஜீனை மாற்றினால் படியும், அப்போதும் பெரும்பாலும் மகாதமனியில்தான், கொரோனரியில் குறைவு. ஒரு ஜீனின் வேலையைக் கண்டுபிடிக்கச் சுண்டெலி போல வேறு விலங்கு இல்லை என்பதும் உண்மை. கே.வி. 1.5 என்ற இன்னொரு பொட்டாசியம் சேனலின் ஜீனை நீக்கிய சுண்டெலிகளில், இதயம் கூடுதலாக வேலை செய்தபோது அதற்குத் தகுந்தபடி ரத்த ஓட்டம் ஏறவில்லை. மென்தசையில் மட்டும் அதைத் திருப்பி வைத்ததும் ஓட்டம் சீரானது. 2015-ல் வந்த ஆய்வு இது.

பன்றியின் இதயம் அளவிலும் குழாய் அமைப்பிலும் மனித இதயத்துக்கு நெருக்கம். அதிலும் ஒசபா பன்றி தனி ரகம்.

[திரையில்: கடலோரத் தீவின் வரைபடம்]

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் ஒசபா என்று ஒரு தீவு. ஸ்பானியர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் கொண்டுவந்த பன்றிகளின் வாரிசுகள் அங்கே காட்டுப் பன்றிகளாகத் திரிந்தன. சில மாதம் சாப்பாடு கொட்டிக்கிடக்கும், சில மாதம் ஒன்றுமே இருக்காது. கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கத் தெரிந்தவைதான் பிழைத்தன. அதே பன்றிக்கு ஆய்வுக்கூடத்தில் தினமும் கொழுப்பு நிறைந்த தீனி போட்டால்? உடல் பருமன், இன்சுலின் எதிர்ப்பு, உயர் ரத்த அழுத்தம், கடைசியில் கொரோனரி அடைப்பு, எல்லாம் ஒரே விலங்கில் வருகின்றன. பஞ்சத்தில் காப்பாற்றிய உடம்பு, சாப்பாடு மிகுந்தபோது தன் இதயத்தையே அடைத்துக்கொள்கிறது. இந்த விலங்குகளுக்கு நோயை நாமே வரவைக்கிறோம் என்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பன்றியிலிருந்தும் முடிந்த அளவு தெரிந்துகொள்ளும் ஆய்வுகளை நான் மதிக்கிறேன்.

சரி, டிரெட்மில்லுக்கு வருவோம். அதில் ஓடியவை யுகடான் என்ற குட்டை ரகப் பன்றிகள். சர்க்கரையும் கொழுப்பும் ஏறி, ஓடாமல் இருந்தவற்றின் மென்தசை செல்களில் கால்சியத்தைக் கையாளும் விதமே குலைந்துபோயிருந்தது. அதே நோய், அதே தீனி, ஆனால் ஓடிய பன்றிகளில் அந்தக் குலைவு வரவில்லை. அவற்றுக்குச் சர்க்கரை நோய் அப்படியேதான் இருந்தது. குழாய்ச் சுவரில் இருந்த செல் மட்டும் தன் பழைய ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

[திரையில்: ஓடிக்கொண்டிருக்கும் பன்றி, மெதுவாக மறைகிறது]